டி.என்.ஏ பெட்டியும் ஆம்பூர்த் தண்ணியும்

தண்ணியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதைவிட, எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்று விளக்குவதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் நிலைமை புரியும். என் பெட்டியில் காகிதப் பட்டைகள் இருக்கும். அவற்றில் டி.என்.ஏ இழைகளை ஒட்டியிருப்போம். தோல் கழிவிலிருந்து வரும் குரோமியம் தண்ணியில் இருந்தால் இழையைப் பிடித்துக்கொள்ளும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்; இல்லையென்றால் பச்சை. அவ்வளவுதான்.

வழக்குக் கிணறு

பேரணாம்பட்டில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் வழக்காடிக்கொண்டிருந்த கிணறு அது. டி.என்.ஏ என்று நான் சொன்னதும், பல வருஷமாக முகம் பார்க்காத இருவரும் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். குரோமியம் இல்லை என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மூத்தவர் பொறுமையாகக் கேட்டார்: "அது இருக்கட்டும் மேடம். கிணறு எங்க அப்பாவோடதுன்னு வருதா, சித்தப்பாவோடதுன்னு வருதா?"

சுத்தமோ சுத்தம்

ஒரு தோல் தொழிற்சாலையில் வெளியேறும் தண்ணியைக் கேட்டேன். மேனேஜர் பாய் என்னை உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, அவரே உள்ளே போய் பாட்டிலில் பிடித்துவந்தார். எங்கள் ஆய்வகத்தின் காய்ச்சி வடித்த தண்ணிகூட அவ்வளவு சுத்தமில்லை. பெட்டி கெட்டுவிட்டதென்று மூன்று பட்டைகளை வீணாக்கிய பிறகுதான் மூலையிலிருந்த குடிதண்ணிக் கேன் கண்ணில் பட்டது. கேட்டதற்கு அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. "வீடு தேடி வந்தவங்களுக்கு வாய்க்கால் தண்ணியக் குடுப்பாங்களா மேடம்?"

பச்சை விளக்கு

ஒப்பிட்டுப் பார்க்க, தோல் தொழிற்சாலை இல்லாத ஒடுகத்தூர்ப் பக்கம் போனோம். எல்லாக் கிணற்றிலும் பச்சை விளக்கு. சந்தோஷமாகச் சொன்னேன். கூடியிருந்தவர்கள் முகம் தொங்கிப்போனது. வேர்க்கடலைக் காட்டுக்காரர் ஒருவர் கேட்டேவிட்டார்: "ஆம்பூர்க்காரனுக்கு மட்டும் இருக்குது, எங்களுக்கு இன்னா கம்மி?"

ஒரு டம்ளர்

ஆம்பூர் ஓரத்தில் செல்வி வீடு. ஷூ கம்பெனியில் தைக்கிறவர், இரண்டு பெண் குழந்தைகள். அவர் வீட்டு போர்வெல்லில் தண்ணி பிடித்து மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் சிவப்பு. குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், மறுபடி ஆய்வகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டீயோடு வந்தார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு, எந்தத் தண்ணி என்று கேட்டேன். போர்த் தண்ணிதான், வேறெது என்றார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி கோபப்படவில்லை.

"நாங்க கல்யாணமான நாள்லருந்து குடிக்கிறோம். நீங்க ஒரு டம்ளர் குடிக்க மாட்டீங்களா?"

ஆய்வகத்திலும் அதே முடிவு வந்து, அந்தத் தெருவுக்கு இப்போது லாரியில் தண்ணி வருகிறது; அன்றைக்கு அந்த டீயை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்ததை மட்டும் நான் அறிக்கையில் எழுதவில்லை.