"அவருக்கு ஏலாது" என்றார்: லண்டன், ஜனவரி 1991

சட்டத்தரணி ஐயா, என் தங்கை புருஷனைக் குண்டு விழும் ஊருக்கு அனுப்பியது நீங்கள்தான். விமானச் சீட்டு கொடுத்தது கம்பெனி. அவன் மனசிலிருந்த பயத்தைப் பிடுங்கிப் போட்டது நீங்கள்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். மனோர் பார்க்கில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரி 3, வியாழன் காலை. கோலாலம்பூரிலிருந்து வந்து ஹீத்ரோவில் இறங்கினேன். கிள்ளானில் மோட்டார் உதிரிப் பாகக் கடை வைத்திருக்கிற எனக்கு லண்டனைச் சுற்றிப் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. தங்கை கமலா ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குச் சமைத்துப் போட வந்தேன். அவள் கணவன் நேசன் யாழ்ப்பாணத்துப் பையன். சவூதியில் தஹ்ரான் என்ற ஊரில் எண்ணெய்க் கம்பெனிக்கு பம்ப் பழுது பார்க்கிற வேலை. நாலு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. என்னைக் கூட்டிப்போக வந்தவனை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. நெஞ்சுவரை தாடி.

"என்ன தம்பி, சாமியாராப் போறியா?"

"நேர்த்தி அக்கா. பிள்ளை பிறக்குமட்டும் முகத்தில கத்தி வைக்க மாட்டன் எண்டு முருகனுக்குச் சொல்லிப்போட்டன்."

நிலத்தடி ரயிலிலும் பேருந்திலுமாக மனோர் பார்க் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். வழியெல்லாம் பேசியது ஒரே விஷயம். குவைத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஈராக் 15ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கா சண்டை தொடங்கும். குவைத்துக்குப் பக்கத்தில்தான் தஹ்ரான். நேசன் 12ஆம் தேதி அங்கே வேலையில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வேலை போய்விடும்.

"போகாதே" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஐயாட்டைக் கேப்பம்" என்றான்.

எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு ஜாதகம் பார்ப்பார்கள். இவர்கள் சட்டத்தரணியை, எங்கள் பேச்சில் வக்கீலை, பார்க்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, வாடகை மண்டபத்தில் தமிழ்ச் சங்கக் கூட்டம். ஐயா பேசுவார், பிறகு கேள்வி நேரம். வீடு வாங்கவா, தம்பியைக் கூப்பிடவா, எல்லாவற்றையும் அங்கேதான் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. நேசனின் தம்பியை அதிகாரிகள் இலங்கைக்குத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றியே விட்டார்கள். ஐயா சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி நீதிமன்றத்தில் தடை வாங்கி, அவனை இறக்கினார். அன்றிலிருந்து, ஒரு பிரிவைக் காட்டினால் எந்த விமானமும் நின்றுவிடும் என்று இவர்கள் நம்புகிறார்கள். குண்டு போடுகிற விமானமும்.

ஜனவரி 6, ஞாயிறு. மண்டபத்தில் நல்ல கூட்டம். வாசலில் தேநீர் முப்பது பென்ஸ். நேசன் எழுந்து கேட்டான்.

"பயப்பிடாதேங்கோ" என்றீர்கள். "அமெரிக்க சனாதிபதி எண்டால் ராசா இல்லை. போர்ப் பிரகடனம் செய்யிற அதிகாரம் காங்கிரசுக்கு. அரசியலமைப்பில அப்பிடித்தான் கிடக்கு. அவருக்குத் தனிய ஏலாது. காங்கிரஸ் இழுத்தடிக்கும்."

பின்னால் ஒருவர், "எங்கட சங்கம் மாதிரி எண்டால் தலைவரைத் தெரிவு செய்யவே ஆறு மாசம் செல்லும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நேசனும் சிரித்தான்.

நான் எழுந்தேன். "லட்சக்கணக்கில ராணுவத்த அங்க அனுப்பினாரே, அப்ப யாரக் கேட்டார்?"

"மலேசியா அக்கா நல்ல கேள்வி கேக்கிறா. அவர் படைகளுக்குத் தளபதி. படையை நகர்த்தலாம். சண்டையைத் துவங்க ஏலாது. ரெண்டும் வேறை." பிறகு நேசனைப் பார்த்து, "நீர் போம். போய் வேலையைப் பாரும்."

அந்தப் 'போம்' என்ற சொல் இன்னும் என் காதில் நிற்கிறது.

ஜனவரி 9, புதன். சனாதிபதி காங்கிரசிடம் ஆதரவு கேட்டிருப்பதாகச் செய்தி. அது இல்லாமலும் தன்னால் முடியும் என்று அவர் சொன்னதாகவும் செய்தி. கமலா உங்களுக்குப் போன் போட்டாள். "கேட்டிட்டார்தானே பிள்ளை? அப்ப கட்டுப்பட்டவர்தானே?" என்றீர்கள். இரண்டாவது செய்தியை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஜனவரி 11, வெள்ளி. மினிகேப்பில் ஹீத்ரோ, சுமார் இருபத்தைந்து மைல், இருபத்தைந்து பவுன். ஓட்டியவர் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எந்த நாட்டுக்கு அண்ணை?"

"சவூதி."

அவர் கண்ணாடியில் பார்த்தார். "விசரோ உமக்கு? எல்லாரும் அங்கயிருந்து வாறாங்கள்."

விமான நிலையத்தில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். கமலா அவன் தாடியைத் தடவி, "இதோட திரும்பி வாங்கோ" என்றாள். லண்டனுக்கு வந்து அவளும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறாள்.

ஜனவரி 12, சனி மாலை. ஐயா, நீங்கள் சொன்னபடியே காங்கிரஸ் கூடியது. வாக்கும் எடுத்தது. கை தூக்கி 'சரி' என்று சொல்லிவிட்டது. மேலவையில் ஐந்தே வாக்கு வித்தியாசம். படித்திராத எனக்கே ஒன்று புரிந்தது. அத்தனை லட்சம் பையன்களைப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து கேட்டால், எவன் 'வேண்டாம்' என்பான்? நகர்த்துவது வேறு, துவங்குவது வேறு என்றீர்கள். நகர்த்தும்போதே பாதி துவங்கியாயிற்று.

நேசன் திரும்பி வரப் பார்த்தான். விமானத்தில் இடமில்லை.

ஜனவரி 17, வியாழன் காலை. அடுப்பில் இட்லி. தொலைக்காட்சியில் பாக்தாத் எரிந்தது. கமலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை. மதியம் நேசன் போன் செய்தான்.

"எனக்கு ஒண்டுமில்லை. நச்சுப்புகைக்கு மாஸ்க் தந்தவங்கள். தாடி இருந்தா மாஸ்க் முகத்தில ஒட்டாதாம், கமலா. காத்து உள்ள போகுமாம். வழிச்சுப்போட்டன்."

கமலா போனை என் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். முருகனுக்குக் கொடுத்த வாக்கை அவன் தானாக உடைக்க மாட்டான். எவ்வளவு பயந்திருந்தால் கத்தியை எடுத்திருப்பான்!

மறுநாளிலிருந்து தஹ்ரான் பக்கம் ஏவுகணை வருகிறது என்று செய்தி. அதற்குப் பிறகு போனும் இல்லை. நாங்கள் போட்டால் கொய்ங் என்ற சத்தம் மட்டும்.

ஜனவரி 20, ஞாயிறு. மண்டபத்துக்கு வந்தேன். நீங்கள் தலைவரி பற்றிப் பேசினீர்கள். முடித்ததும் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இண்டைக்குக் கேள்வி நேரம் இல்லை" என்றார். நான் எழுந்தேன். "அக்கா, மண்டபத்தைத் திருப்பிக் குடுக்க வேணும், இருங்கோ" என்றார். நீங்கள் பக்கத்துக் கதவால் போய்விட்டீர்கள். கோட்டைக்கூட மறந்துவிட்டுப் போனீர்கள்.

ஜனவரி 21, திங்கள். ஊர் திரும்ப இதே ஹீத்ரோவில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்புகிற சீட்டை மாற்ற வழியில்லாமல், கமலாவைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டு வந்தேன். போன் மணி அடித்தாலும் அவளுக்குப் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

கிள்ளானில் என் கடையில் தப்பான பிரேக்கைக் கொடுத்துவிட்டால், வாங்கினவன் வந்து கத்துவான். நான் பின்கதவால் ஓட மாட்டேன். கல்லாவிலேயே நின்று பதில் சொல்வேன். நான் படித்தவள் இல்லை. ஆனால் ஓடுவதில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் கமலா வருவாள். முதல் வரிசையில், வயிற்றோடு உட்காருவாள். அதே மைக்கைப் பிடியுங்கள். அவர் ராசா இல்லை என்றீர்களே, அப்படியானால் அவரைத் தடுக்கிறவன் யார்? அந்தப் பிரிவு எங்கே போனது? எல்லாருக்கும் முன்னால், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.