புனேயிலிருந்து டப்ளினுக்குப் பேத்தியையும் பேரனையும் கூட்டி வந்தோம்

அமெரிக்காவுக்கு இது என் மூன்றாவது பயணம். முதல் இரண்டு தடவை ஊறுகாயும் முறுக்கும் கொண்டு போனேன். இந்தத் தடவை இரண்டு பிள்ளைகளைக் கொண்டு போனேன்.

என் மகன் சரவணனும் மருமகள் வித்யாவும் கலிபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் இருக்கிறார்கள். மூன்று வருடம் மனுப் போட்டுக் காத்திருந்து, புனேயில் ஒரு காப்பகத்திலிருந்து ஓர் அக்காவையும் தம்பியையும் தத்தெடுத்தார்கள். அக்கா சாயலிக்கு ஆறு வயது. தம்பி ரோஹனுக்கு மூன்று. போன மார்ச்சில் கோர்ட்டு உத்தரவு, பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் கைக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்து, வித்யா வீட்டுப் படியில் தடுமாறி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டாள். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சரவணன் மட்டும் வந்தான். அவனுக்குத் துணையாக ஈரோட்டிலிருந்து நான் கிளம்பினேன். இதே மாதிரி பேரப்பிள்ளைகளைக் கூட்டி வரப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன் வித்யா போனில் சொன்னாள்: "அத்தை, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. சோஷியல் ஒர்க்கர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்காங்க. ஆறு மாசத்துக்கு சாப்பாடு ஊட்டறது, தூக்கி வச்சுக்கறது எல்லாம் நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் பண்ணணும். அப்பதான் அப்பா அம்மா யாருன்னு குழந்தைங்களுக்குப் பிடிபடுமாம்."

"சரி சாமி" என்றேன். வாய்தான் சரி என்றது. கை கேட்கவில்லை.

புனேயில் எட்டு நாள் இருந்தோம். சரவணன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். அறையில் நானும் பிள்ளைகளும்தான். பருப்புச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து, ஆளுக்கு ஓர் உருண்டை என்று முறை வைத்து ஊட்டினேன். முதல் இரண்டு நாள் வாயே திறக்காத சாயலி, மூன்றாம் நாள் தட்டு வரும் முன்னே என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். மும்பை விமான நிலையம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நெரிசலோடு நாலு மணி நேரம் ஆனது. வழியில் சாயலி டிரைவரிடம் மராத்தியில் ஏதோ கேட்டாள். அவர் இந்தியில் சொல்ல, சரவணன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"அம்மா, அங்க போனா யாரு சோறு ஊட்டுவாங்கன்னு கேக்குதாம்."

நான் யோசிக்காமல் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். டிரைவர் சிரித்துக்கொண்டே "ஆஜி!" என்றார். மராத்தியில் பாட்டிக்கு ஆஜி. சாயலி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி ஒரு தடவை தலையாட்டினாள். பேச்சு முடிந்தது என்கிற மாதிரி இருந்தது.

இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டு, காலை எட்டரைக்கு விமானம் ஏறினோம். நேரே சான் பிரான்சிஸ்கோ, பதினாறரை மணி நேரம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இடையில் இறங்கி ஏறாத விமானமாகப் பாருங்கள். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். ரோஹன் பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தப் பெண் ஏழு தடவை வந்து, ஏழு தடவையும் சிரித்துவிட்டுப் போனாள். சாப்பாடு வந்ததும் சரவணன் கையை நீட்டினான்.

"அம்மா, நான்தான் குடுக்கணும்."

"நீ தூங்குடா. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு."

அவன் தூங்கினான். நான் ஊட்டினேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு இறங்கினோம். தத்துப் பிள்ளைகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் காகிதம் பார்க்கிறார்கள். ஐம்பது நிமிடம் ஆனது. கைப்பையில் பிஸ்கட்டும் மாற்று உடையும் மேலாகவே இருக்கட்டும். கடைசியில் அதிகாரி குனிந்து ரோஹனிடம் கையை நீட்ட, இவன் பளாரென்று அதில் ஓர் அடி வைத்தான். "வெல்கம் ஹோம்" என்றார் அவர்.

வெளியே வித்யா நின்றாள். முறிந்த காலில் மாவுக்கட்டுக்குப் பதிலாக முழங்கால் வரைக்கும் சாம்பல் நிற பூட்ஸ், பட்டை பட்டையாக ஒட்டும் நாடா. ஆறு மாதமாகக் கம்ப்யூட்டரில் மராத்தி படித்தவள், ஒத்திகை பார்த்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். சாயலி என் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். ரோஹனுக்கு அந்த பூட்ஸை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை.

வீடு முப்பத்தைந்து மைல். பிள்ளைகளுக்குக் கார் சீட் கட்டாயம், இல்லாமல் கிளம்பவே முடியாது. ரோஹன் பெல்ட்டைப் பார்த்துப் போட்ட கூச்சல் பார்க்கிங் முழுக்கக் கேட்டது. சான் மட்டேயோ பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்ததும் அடங்கினான். விமான நிலையத்துக்குப் போகும்போதுதான் அந்தப் பாலத்துக்கு டோல், எட்டு டாலர். திரும்பும்போது கிடையாது. மார்ச் மாதம் என்பதால் வழியெல்லாம் மலை பச்சைப் பசேலென்று இருந்தது. வெயில் காலத்தில் வந்து காய்ந்த மலையைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

மூன்றே காலுக்கு வீடு. இரண்டு வாரத்துக்கு யாரும் வரக் கூடாது என்று வித்யா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஆனாலும் வாசலில் ஒரு ஐஸ் பெட்டி, எதிரே ஒரு கார். பக்கத்து ஊர் பிளசன்டனில் இருக்கும், வித்யாவுக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து டாக்டரம்மா கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"நான் இறங்கமாட்டன் அம்மா. பிள்ளையளைத் தூர நிண்டு பாத்திட்டுப் போறன். பெட்டிக்குள்ள சாப்பாடு வச்சிருக்கிறன், ரெண்டு நாளைக்குக் காணும்."

காணும் என்றால் அவர்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். பார்த்தார், கண்ணைத் துடைத்தார், போய்விட்டார். நான் நாலு பேரையும் வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தேன். ரோஹன் தட்டுக்குள் கையை விட்டு அப்பாவின் வெள்ளைச் சட்டையில் துடைத்தான்.

அதுவரை எல்லாம் சிரிப்புத்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.

வித்யா மராத்திக்காரர் மாதிரியே பருப்புச் சோறு செய்திருந்தாள். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, பிசைந்து, முதல் உருண்டையைச் சாயலியிடம் நீட்டினாள். சாயலி வாயை இறுக்கிக்கொண்டாள். எழுந்து சுற்றி வந்து என் முன்னால் உட்கார்ந்து "ஆ" என்றாள். தம்பியும் பின்னாலேயே வந்து "ஆ" என்றான்.

வித்யாவின் கை அப்படியே நீட்டினபடி நின்றது.

"பரவால்ல அத்தை, நீங்களே குடுங்க. பசியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. நான் பார்த்தேன்.

சரவணன் என்னைத் திட்டவில்லை. "அம்மா" என்று மட்டும் சொன்னான்.

மூன்று வருடம் காத்திருந்தவளின் இடத்தை எட்டே நாளில் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெருமைப்பட்டது வேறு!

குளியலறைக்குப் போனேன். வித்யாவின் மருந்துப் பெட்டியில் வெள்ளைக் கட்டுத் துணி இருந்தது. வலது கையில் விரல் தெரியாமல் சுற்றிக்கொண்டு வந்து முகத்தைச் சுளித்தேன்.

"வித்யா, ஆஜிக்குக் கை ரொம்ப வலிக்குதுன்னு சொல்லு சாமி."

அவள் என்னையும் கட்டையும் பார்த்தாள். கண் சிமிட்டாமல் மராத்தியில் சொன்னாள்.

சாயலி என் கட்டை ஊதிவிட்டாள். அப்புறம் வித்யாவின் பூட்ஸைப் பார்த்தாள். அப்புறம் சரவணனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள், இவனுக்கு எங்கே உடைந்திருக்கிறது என்று.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான் அவன் பயந்துபோய்.

அவள் பெருமூச்சு விட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். தம்பிக்கு ஓர் உருண்டை. அவனோ வித்யாவின் பூட்ஸ் நாடாவைப் பர்ரென்று பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டி, அவள் மடியிலேயே ஏறிவிட்டான். எனக்கு ஓர் உருண்டை. பிறகு கொஞ்சம் நின்று யோசித்து, வித்யாவின் வாயில் ஓர் உருண்டை வைத்தாள்.

வித்யாவால் மெல்ல முடியவில்லை. கண்ணீர் தாரையாக வந்தது.

"மென்னு முழுங்கு சாமி. அடுத்த உருண்டை காத்துட்டு இருக்கு" என்றேன்.

வித்யா திருப்பி நீட்டிய உருண்டையை வாயில் வாங்காமல், கையில் வாங்கித் தானே தின்றாள் சாயலி. அதுவே போதும் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் தூங்கி எழுந்தார்கள். நானும் முகம் கழுவி, கட்டை அவிழ்த்துக் கட்டினேன். ஆறரைக்கு மறுபடி தட்டு வந்தது. சாயலி என் கையைப் பார்த்தாள். அடுத்த கையைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். கட்டு இடது கையில் இருந்தது.

வித்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாயலி வந்து என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. தொலைந்தது, இப்போது உட்கார்ந்து வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையை என் மடியிலேயே வைத்து, அதை இரண்டு தட்டுத் தட்டினாள். பூட்ஸைச் சுற்றிப் போய், வித்யாவின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, "ஆ" என்றாள்.

இப்படிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: நேரே போகிற விமானம் எடுங்கள். கார் சீட்டை முன்கூட்டியே பொருத்தி வையுங்கள். முதல் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பழகின சாப்பாடாக இருக்கட்டும். ஊட்டாதே என்று உங்களிடம் சொன்னால், என்னைப் போல வாயால் மட்டும் சரி சொல்லாதீர்கள். அப்படியும் கை கேட்காது என்று தோன்றினால் பெட்டியில் இரண்டு மீட்டர் கட்டுத் துணி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையில் கட்டினோம் என்று நினைவு வைத்துக்கொள்வது நல்லது. மறந்துபோனாலும் பரவாயில்லை.