ஷோகேஸை விட்டு இறங்கிய கோப்பை

பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மா தன் கையால் வனைந்த தேநீர்க் கோப்பை அது. பனிக்காலம் முழுவதும் அவரது வாசலிலும் சேர்த்து நான் பனி தள்ளியதற்காகத் தந்தார். பச்சைத் தேயிலைத் தூளை அடித்து, இரு கைகளாலும் ஏந்திக் குடிப்பதற்கான மண்கோப்பை. ஒரு பக்கம் விரல் அழுத்திய பள்ளம் இருந்தது. நான் அதைக் கொண்டுபோய் ஷோகேஸில் வைத்தேன். நாங்கள் குடியேறிய மில்லிக்கன் பகுதியில் எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளில் நல்ல சாமான் எதுவும் வாய்க்கு எட்டாது. கண்ணாடிக்குப் பின்னால்தான் காலம் தள்ளும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த அம்மாவைத் தேநீருக்கு அழைத்திருந்தேன். பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து அக்காவும் வந்திருந்தார். நான் கடையில் ரோல்ஸ் வாங்கி வருவதற்குள் ஷோகேஸில் கோப்பையைக் காணவில்லை. குசினியில், அடுப்பிலிருந்த பானைக்குள், அரிசி கழுவிய தண்ணீரில் அது கொதித்துக்கொண்டிருந்தது.

“என்னக்கா செய்யிறியள்?”

“புது மண் சாமானைப் பழக்காமல் வச்சிருக்கிறாய். அப்பிடியே பாவிச்சால் ஒழுகும். உதுகூடத் தெரியாதே?”

“உது கறிச்சட்டி இல்லையக்கா. அந்த மனுசி எனக்கெண்டு செய்து தந்தது. இப்ப வந்திடுவா.”

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. இந்தத் தெருவில் எங்களோடு நின்று கதைக்கிற ஒரே ஆள் அவர்தான். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்துபோனேன். அடுப்பை அணைக்கும்போதே வாசல் மணி அடித்தது.

வந்தவர் நேரே பானையை எட்டிப் பார்த்தார். அரிசித் தண்ணீரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஓம்” என்றார் அக்கா, தமிழிலேயே.

அந்த அம்மா சிரித்தார். அவர்கள் ஊரிலும் புது மண் பாத்திரத்தை இப்படித்தான் கொதிக்க வைப்பார்களாம். பிறகு என்னைப் பார்த்து, வரும்போதெல்லாம் கோப்பை கண்ணாடிக்குள் இருந்ததால், எனக்கு அது பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்ததாகச் சொன்னார்.

கோப்பை ஆறியதும் அதைக் கழுவி, அக்கா போட்ட, பால் விடாத பிளேன்ரீயை ஊற்றி, அந்த அம்மாவே என் கையில் தந்தார். நான் முதன்முறையாக அதை இரு கைகளாலும் பிடித்தேன். பள்ளத்தில் என் பெருவிரல் சரியாகப் போய் அமர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவருடைய விரல் தடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் பனி தள்ளும்போது யன்னல் வழியே என் கையைப் பார்த்து, அந்த அளவுக்கு அழுத்தினாராம்.