பூச்சி என்று துடைத்த பெயர்

செய்தி எனக்குச் சுவரில் வந்தது. சிவகாசியில் சாவு முதலில் போஸ்டர் அடிக்கிற பிரஸ்ஸுக்குத் தெரியும், அப்புறம்தான் சொந்தக்காரர்களுக்கு. காலையில் கீரை வாங்கப் போனவள், பஸ் நிலையத்துச் சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து நின்றுவிட்டேன். மூக்குக் கண்ணாடி போட்ட புலி ஒன்று அதில் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ரோஜா மாலை. மேலே 'புலி ஆர்டிஸ்ட் மறைவு' என்று கொட்டை எழுத்து. கீழே கம்பெனிகளின் பெயர்கள், முதலாளிகளின் பெயர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள். செத்தவரின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏலே, எந்தக் காட்டுல புலி செத்துச்சு? அதுக்குப் போயி இம்புட்டுப் பெரிய போஸ்டர் அடிச்சிருக்காக" என்று கூட்டாளியிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அவர் பெயர் செல்லையா. நாரணாபுரத்துக்காரர். பட்டாசுப் பெட்டிகளில் நீங்கள் பார்த்திருக்கும் குடை பிடித்த கரடி, முறுக்குத் தின்னும் யானை, ஷூ போட்ட புலி எல்லாம் அவர் கை. பெட்டி அச்சடிக்கிற பிரஸ்ஸில் அவர் ஆர்டிஸ்ட், நான் டச்சிங் பார்த்தவள். படம் பிலிமில் ஏறும்போது விழுகிற தூசி, புள்ளி, கீறல் எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷால் மூடுவது என் வேலை. அவர் படங்களை என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர்கள் கிடையாது. அந்த உரிமையில் சொல்கிறேன், இரங்கல் கூட்டத்தில் அளந்துவிட்டார்களே, அப்படியெல்லாம் அவர் ஒன்றும் மகா கலைஞர் இல்லை. அவருக்குப் புலியின் பாதம் வரையவே வராது. எப்படிப் போட்டாலும் இட்லி மாதிரி உப்பி நிற்கும். அதை மறைக்கத்தான் ஷூ மாட்டிவிட்டார். வடக்கத்தி ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் பிரஸ்ஸில் வெறுங்காலோடு ஒரு மிருகமும் நடக்கவில்லை.

காட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. ஒருமுறை பஸ் பிடித்து மிருகக்காட்சி சாலைக்குப் போய்வந்தார். புலி எப்படி இருந்தது என்று கேட்டேன். "நம்ம முதலாளி மாதிரிதான் தாயி. மத்தியானம் தின்னுட்டுத் தூங்குது. நான் போயி நின்னதைக் கண்டுக்கவே இல்ல" என்றார். இந்த வாய் எல்லாம் என்னிடம் மட்டும்தான். முதலாளி முன்னால் போய் நின்றால் வாயில் கொழுக்கட்டை.

முறுக்கு யானை வந்த கதையையும் கேளுங்கள். அந்த வருஷம் கம்பி மத்தாப்புக்குப் புதிதாகச் சின்னப் பெட்டி போட்டார்கள். யானை அதில் அடங்கவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "யானையைக் கொஞ்சம் ஒல்லியாக்குங்க" என்றார். யானையை, ஒல்லியாக்க. மானம் உள்ள எவனும் பிரஷ்ஷை வீசிவிட்டுப் போயிருப்பான். இவர் "சரிங்க முதலாளி" என்று உள்ளே வந்து, யானையைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, தும்பிக்கையில் ஒரு முறுக்கையும் கொடுத்துவிட்டார். "மெலிய வச்சா யானைக்கு மனசு சங்கடப்படும் தாயி. உக்கார வச்சா ஒண்ணும் சொல்லாது" என்றார். அந்த சீசனில் அந்தப் பெட்டி ஓடு ஓடு என்று ஓடியது. முதலாளி அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செல்லையா அண்ணாச்சிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. படத்துக்குக் கீழே தன் பெயர் வர வேண்டும். பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கும், பிரஸ் பெயர் இருக்கும், பெரியவர்கள் துணையோடு வெடிக்கவும் என்றுகூட இருக்கும். படம் போட்டவன் பெயர் மட்டும் இருக்காது. அதுதான் இந்த ஊர் வழக்கம். ஒருமுறை எங்கிருந்தோ துணிச்சல் வந்து, யானை உட்கார்ந்திருந்த புல்லுக்குள் 'செல்லையா' என்று கடுகளவுக்கு எழுதிவிட்டார். நான் அதைத் தொடாமல் விட்டேன். மறுநாள் முதலாளி புரூஃப் தாளோடு எங்கள் அறைக்கே வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தபடி, "இதென்ன, புல்லுல பூச்சி கிடக்கு? துடைங்க" என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இல்லை. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பிரஷ்ஷை வாங்கி, பிலிமில் தன் பெயரைத் தானே மூடினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முதலாளி போனதும், "அது என் பேருன்னு சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? அழுத பிள்ளைதான் அண்ணாச்சி பால் குடிக்கும்" என்று சத்தம் போட்டேன். அவர், "விடு தாயி. பூச்சின்னாலும் காட்டுக்குள்ளதான கிடந்துச்சு" என்றார். உங்களுக்கு இது ரசிக்கும்படி இருக்கும். கூட்டத்தில் சொல்லியிருந்தால் கைகூடத் தட்டியிருப்பீர்கள். எனக்கு அன்றைக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. இன்னொரு பிரஸ்காரன் இவருடைய யானையை அப்படியே திருடிப் போட்டபோதும் இதே கதைதான். "நம்ம யானை அங்கன வேலைக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். சூடு சொரணை என்று ஒன்று மனிதனுக்கு வேண்டாமா?

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அவருடைய மிருகங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புலிக்கும் கரடிக்கும் வேலை இருந்தது, அவருக்கு இல்லை. போன தீபாவளி முடிந்து அவருடைய பேத்தி காலி மத்தாப்புப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், எங்கள் தாத்தா போட்ட யானை என்று காட்டியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா பேரு இதுல எங்க இருக்கு? புளுகுணி" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டே வந்து பெட்டியைத் தாத்தா மடியில் எறிந்தது.

அந்த வாரமே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குக் கிளம்பினார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். முதலாளி முன்னால் கையைக் கூப்பி, தரையைப் பார்த்தபடி, "முதலாளி, அந்தப் பேரு விஷயம்... பேத்தி ஆசைப்படுது" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த சீசன்ல பாப்போம்" என்றார். படியிறங்கும்போது அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாப்போம்னுட்டாக தாயி" என்றார். அடுத்த சீசனுக்கு முன்னால் நெஞ்சுவலி வந்துவிட்டது.

இரங்கல் கூட்டம் பிரஸ் மண்டபத்தில்தான் நடந்தது. இதை வாசிக்கிற உங்களில் பலரும் வந்திருந்தீர்கள், கேசரி நன்றாக இருந்தது என்றும் சொன்னீர்கள். பேசியவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் ஆர்டர் குறைந்துபோன கவலையைப் பேசி முடித்துவிட்டு, நினைவு வந்தவராகப் 'புலி புகழ் வாழ்க' என்றார். கடைசியில் முதலாளி எழுந்தார். "முந்தியெல்லாம் பெட்டியில சாமி படம்தான் போடுவோம். வெடிச்சு முடிச்சதும் சாமி தெருவுல கிடந்து மிதிபடும். எங்க அப்பாவுக்கு மனசு பொறுக்கல. சாமியை எடுத்துட்டு மிருகத்தைப் போடச் சொன்னாக. அப்படித்தான் நம்ம ஆர்டிஸ்டுக்கு வாய்ப்பு வந்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த சீசனிலிருந்து யானைப் பெட்டியில் 'ஓவியம்: செல்லையா' என்று அச்சடிக்கப்படும் என்றும் அறிவித்தார். மண்டபம் அதிரக் கை தட்டினீர்கள். அண்ணாச்சியின் மனைவி முத்துமாரி மதினியை மேடைக்கு அழைத்து, பொன்னாடையைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

மதினி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தவர். மேடை ஏறியதே அன்றைக்குத்தான். மைக்கைத் தொடாமலே பேசினார்.

"சாமி மிதிபடக் கூடாதுன்னு எடுத்தீகள்ல? அவுக பேரும் வேண்டாம். அதுவும் மிதிபடும்."

முதலாளிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா, இது அவருக்குக் கௌரவம்லம்மா" என்றார்.

"கௌரவம்னா, அவுக கையைக் கூப்பிக்கிட்டு வந்து நிக்கையில குடுத்திருக்கணும். இப்ப அது என் வீட்டுக்காரர் பேரு. தெருவுல கிடக்க விட மாட்டேன்."

பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை போல. அங்கிருந்து இன்னொரு தடவை கைதட்டல் வந்தது.

சாயங்காலம் மதினியிடம் சண்டைக்கே போனேன். "ஆயுசு பூரா அண்ணாச்சி கேட்டது அது ஒண்ணுதான். முதலாளியே குடுக்க வரும்போது நீங்க வேண்டாங்கலாமா?" என்று கேட்டேன். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"ஊருக்குத் தெரியணும்னா கேட்டாக? பெட்டியைப் பேத்தி கையில குடுத்து, வாசி கண்ணுன்னு சொல்லி, அவ வாசிக்கிறதைக் காதால கேக்கணும்னு கேட்டாக. பிள்ளை இப்ப அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. அவளே வாசிச்சாலும் கேக்குறதுக்கு யாரு இருக்கா?"

சுளகை வாங்கி மிச்ச அரிசியை நான் புடைத்தேன்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறேன் என்று இந்தக் கட்டுரையை எழுதச் சொன்ன பத்திரிகை ஆசிரியர் கேட்டார். படம் ஒன்றும் என்னிடம் இல்லை. எல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும். முதலாளிமார் மேல் எனக்கு இருப்பது வெறும் இளக்காரம்தான், அடுத்த கூட்டத்துக்குள் அதுவும் ஆறிப்போகும். அண்ணாச்சி மேல் இருக்கிற கோபம் மட்டும் ஆற மாட்டேன் என்கிறது. அதைத்தான் வைத்திருக்கிறேன். கூப்பிய கையைக் கீழே போட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை நீங்கள் சத்தமாகக் கேட்டிருக்கலாம் அண்ணாச்சி.