ஐம்பத்தெட்டுத் துடிப்பு

சம்சாத் 1968-இல் கீழக்கரையிலிருந்து போர்ட் பிளேருக்கு வாழ வந்தவள். கப்பலில் மற்றவர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்க, இவள் மட்டும் மேல்தளத்தில் நின்று மீன் துள்ளுவதை ரசித்துக்கொண்டிருந்தாளாம். கணவன் நாகூர் கனிக்குத் துணிக்கடை. வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில். கடைக்கு வரும் வங்காளிப் பெண்களிடம் அரைகுறை இந்தியும் சைகையுமாகப் பேசி, ஆறே மாதத்தில் கணவனைவிட அதிகச் சேலை விற்றாள்.

ஒரே தொல்லை வெயில். கொஞ்சம் நின்றாலும் கன்னங்கள் சிவந்து தடித்துவிடும். காலையில் விரல் மூட்டுகள் மடங்காது. "தீவு வெயிலு ஒத்துக்கல" என்று குடையும் கையுமாகத் திரிந்தாள்.

1971-இல் ஏழு மாதக் கர்ப்பம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீலாவதி மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினாள். மறு கையால் சம்சாத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். தாயின் நாடி எண்பத்தைந்து. நூற்று நாற்பது துடிக்க வேண்டிய பிள்ளையின் இதயம் ஐம்பத்தெட்டுதான் துடித்தது.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பதறினார். "பிள்ளைக்கு மூச்சுத் திணறுது. உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"ஏழு மாசம்தான் ஆகுது சார். திணறினா துடிப்பு இறங்கி இறங்கி ஏறும். இது கடிகாரமாட்டம் ஒரே சீரா இருக்கு. நல்லா உதைக்கவும் செய்யுது" என்றாள் நீலாவதி.

டாக்டர் தானும் குனிந்து கேட்டார். காத்திருக்கச் சம்மதித்தார்.

"எம்புள்ள பொழைக்குமா சிஸ்டர்?"

"இந்த உதை உதைக்கிறது பொழைக்காமலா போயிடும்? தினம் வா, எண்ணிப் பாத்துடலாம்."

எட்டு வாரம் எண்ணினார்கள். ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தாறு. சம்சாத் வயிற்றைத் தட்டி, "ஜல்தி ஜல்தி அடிடா ராசா" என்பாள். கேட்டு வார்டே சிரிக்கும்.

ஒரு நண்பகலில் பிறந்தது ராசா இல்லை, பெண். அவள் அழுகை வராந்தாவில் நின்ற நாகூர் கனிக்கே கேட்டது. நசீரா என்று பெயரிட்டார்கள். துடிப்பு அதே அறுபதுதான். ஓடுவாள், பாதியில் குந்தி மூச்சு வாங்குவாள், மறுபடி ஓடுவாள்.

1978-இல் சம்சாத் மறுபடி உண்டானாள். அதற்குள் டாக்டர் ஏதோ மருத்துவ இதழில் படித்திருந்தார். "கன்னச் சிவப்பும் மூட்டுவலியும் இருக்கிற தாயோட ரத்தத்துல ஏதோ ஒண்ணு உருவாகி, பிள்ளையோட இதயத் துடிப்பைக் கெடுக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியல."

சம்சாத்தின் முகம் சுருங்கியது. "அப்ப நாந்தான் எம்புள்ளைக்கு இத செஞ்சேனா?"

"உங்களையே தாக்குற ரத்தம்மா அது. நீங்க என்ன செய்வீங்க?"

ஆறாம் மாதம் நீலாவதி குழலை வைத்தாள். கண்ணை மூடி எண்ணினாள். சிரிப்பு முகமெல்லாம் பரவியது.

"நூத்தி நாப்பத்திநாலு! ஓடுது பாரு!"

சம்சாத் சிரித்தாள், அழுதாள், மறுபடி எண்ணச் சொன்னாள்.

இம்முறை பையன். ஏழு வயது நசீரா தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"உம்மா, இவனுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"