லாபம், ரெண்டு, மூணு

இட்லி அரிசியை ஆழாக்கால் அளந்து குண்டானில் கொட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பிளஸ் டூ படிக்கும் மகளின் செல்போனில் ஒரு இயற்பியல் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். "பிரபஞ்சத்துக்கு முதல் நொடி என்று ஒன்று இல்லாமலும் இருக்கலாம். காலம் பின்னோக்கி முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம்." என் கை அப்படியே நின்றுவிட்டது.

இதேபோல முன்பு ஒரே ஒரு முறைதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி. நைனா மரக்காலால் வேர்க்கடலையை அள்ளிச் சாக்கில் கொட்டுவார். முதல் மரக்காலை எந்த வியாபாரியும் ஒன்று என்று எண்ண மாட்டார். "லாபம்... ரெண்டு... மூணு..." மல்லாட்டைத் தூசியில் தும்மிக்கொண்டே நான் எண் கற்றது அப்படித்தான்.

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் புளியங்கொட்டைகளை எண்ணச் சொன்னார். "லாபம், ரெண்டு, மூணு" என்றேன். வகுப்பே சிரித்தது.

"ஒண்ணு எங்கடி போச்சு?" என்றார் டீச்சர்.

மணி அடித்ததும் மண்டிக்கு ஓடினேன். "நைனா, ஒண்ணுன்னு ஒண்ணு இருக்குதாமே!"

நைனா மரக்காலைக் கீழேகூட வைக்கவில்லை. "இருக்குது. நாம அத்த சொல்றதில்ல."

இருப்பதை எப்படிச் சொல்லாமல் விடுவார்கள்? இன்னும் எதையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறார்கள்? கோட்டை நிற்கும் ராஜகிரி மலையைக்கூட அன்று சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

"இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" மகள் வந்து நின்றாள்.

"அந்தாளு சொல்றது நெசமாடி?"

"இருக்கலாம்னுதாம்மா சொல்றாரு. யாருக்கும் தெரியாது."

யாருக்குமே தெரியாதா?

எத்தனை போட்டேன் என்பது மறந்துபோயிருந்தது. குண்டானில் இருந்ததைத் திரும்ப மூட்டையில் கொட்டிவிட்டு, மறுபடி ஆழாக்கை நிரப்பித் தூக்கினேன். லாபம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஒன்று என்று சொல்லவும் வரவில்லை.