சித்தி விட்டுக்கொடுத்த பதவி

காலை பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. திண்டிவனத்தில் சித்தி வேலை பார்த்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஆளில்லாத ஒரு நாற்காலியை. கைப்பிடி வைத்தது. முதுகில் வெள்ளை டர்க்கி துண்டு, சலவை மடிப்புக் கலையாமல். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுச் சில மாதங்களாகியும் புது ஆள் வரவில்லை. அலுவலக உதவியாளர் மட்டும் திங்கட்கிழமைதோறும் துண்டை மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மேசை தள்ளி, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கண்காணிப்பாளரின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை.

அரசு அலுவலகத்தில் யார் எந்தப் படியில் இருக்கிறார் என்று கேட்கவே வேண்டாம், நாற்காலியைப் பார்த்தால் போதும். சித்தியைப் போன்ற உதவியாளர் வரைக்கும் கைப்பிடி கிடையாது. கண்காணிப்பாளருக்குக் கைப்பிடியும் துண்டும். அதற்கு மேலே போனால் தனி அறை. எந்த விதியிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அவசரத்துக்குக்கூட ஒருவரும் அந்தத் துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பம் கூட்டேரிப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போன குடும்பம். தேர்வெழுதி அரசு வேலைக்குப் போன முதல் ஆள் சித்தி. இடஒதுக்கீட்டுச் சுழற்சியை அலுவலகத்தில் ‘டர்ன்’ என்பார்கள். சேர்ந்த புதிதில், மூத்த எழுத்தர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி, “இந்தம்மா டர்ன்ல வந்தவங்க” என்றாராம். சித்தி தட்டச்சை நிறுத்தாமலே சொன்ன பதிலை நாங்கள் வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறோம்: “ஆமாங்க சார். நீங்கள்லாம் தாத்தா காலத்துலருந்தே உள்ள உக்காந்துகினு இருக்கீங்க. க்யூவுல நின்னது நாங்கதான்.”

முதல் முறை கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தபோது சித்தியின் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். இடம் நீலகிரி. சித்தப்பா தனியார் பேருந்தில் நடத்துநர். விடியுமுன் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவார். “பொண்ண யாரு பாத்துக்கறது? நீயே கொஞ்சம் விட்டுக்கொடுத்துட்டுப் போயேன்” என்றார். அம்மாவும் அதையே சொன்னார். எங்கள் வீடுகளில் பெண்களுக்கு எடுத்துச் சொல்லப்படுகிற குணம் அது. அண்ணன் தம்பி தகராறிலும், தண்ணீர்க் குழாயடியிலும், பந்தியிலும் விட்டுக்கொடுப்பவள் நல்லவள். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதித் தருவதற்கு அரசாணைகளில் ‘துறத்தல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “விட்டுக்கொடுத்துட்டாங்க” என்றுதான் சொல்வார்கள். வீட்டில் சொல்வதும் அலுவலகத்தில் சொல்வதும் ஒரே சொல்லாக இருந்ததால், சித்திக்கு அது ஒரு இழப்பாகவே முதலில் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தவரின் பெயர் சில ஆண்டுகளுக்குப் பட்டியலில் வராது.

நான் போயிருந்த அந்தக் காலையில் இரண்டாவது ஆணை வந்திருந்தது. இம்முறை கன்னியாகுமரிப் பக்கம். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன சமயம் அது. பணிமூப்பில் சித்திக்கு அடுத்து இருந்தவர் வயதில் இளையவர். சித்தி அவரைத் தம்பி என்பார். அவர் ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

“அக்கா, என்ன முடிவு பண்ணிருக்கீங்க?”

“ஏன் தம்பி, துண்டு வாங்கணுமா?”

“ஐயோ, அப்டிலாம் இல்லீங்கக்கா...”

“நான் போவலன்னா உனக்குத்தானே வரும். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்டி வச்சிக்கினு நிக்கற? சிரி.”

அவர் சிரித்தார். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, சித்தி எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

தம்பிக்கு அந்தத் தொலைதூர ஊருக்கே ஆணை வந்தது. போய்ச் சேர்ந்தார். மருத்துவ விடுப்பு எடுத்தார். பொங்கலுக்கு முன்பே மாறுதலில் திண்டிவனத்துக்குத் திரும்பி, துண்டு போட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருநாள் தேநீர் குடிக்கையில், எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் அதைச் சொன்னார். நானும் உடன் இருந்தேன். “ஆர்டர் வந்தா மொதல்ல போய் ஜாயின் பண்ணிடணும்க்கா. பண்ணிட்டு லீவு போட்டுக்கினு, ரெண்டு பேரைப் பாத்தோம்னா இங்கியே வந்துரலாம். எங்கப்பா, பெரியப்பாலாம் அப்டித்தான் வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதே தம்பி” என்றார் சித்தி.

பேருந்து நிலையம் வரை என்னோடு நடந்து வந்தார். விழுப்புரம் பேருந்தில் நான் ஏறியபோது, “நம்ம ஊட்ல யார்டா இருந்தா இத்தெல்லாம் சொல்றதுக்கு?” என்றார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது. சம்பளம் பதவியோடு ஏறும், வீட்டு வாடகைப்படி ஊரோடு மாறும் என்ற இரண்டும் அவருக்கு மனப்பாடம். ஆணையில் போட்டிருக்கும் ஊரும் மாறும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து விழுப்புரத்தில் அந்தத் துறையின் அதிகாரி ஒருவர் செய்தியாளர்களைச் சந்தித்தார். செய்தித்தாள் நிருபராக நானும் போயிருந்தேன். எந்தப் பதவியில் எந்தப் பிரிவினர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை தந்தார்கள். கீழ்ப்படிகளில் எல்லாக் கட்டங்களிலும் எண்கள் இருந்தன. கண்காணிப்பாளர் வரிசையில், பட்டியலினப் பெண்கள் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. காரணம் கேட்டேன். “கொடுக்காம இல்லீங்க. டர்ன் வருது, ஆர்டர் போடறோம். அவங்களே விட்டுக்கொடுத்துடறாங்க. ஃபேமிலி பிராப்ளம். நாங்க என்ன பண்றது, சொல்லுங்க?” என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அட்டவணையில் இருந்த கோட்டையும், கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதினேன்.

மறுநாள் மாலை சித்தி வீட்டுக்குப் போனபோது, அவர் சித்தப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அந்தச் செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். “பாத்தியா, எங்க அக்கா பையன் பேரு போடாமியே நம்மள பேப்பர்ல போட்டுட்டான். இதுல கோடுன்னு போட்டிருக்குதே, அது நாந்தான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். எச்சில்தான் வழிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சித்தி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார்.

சித்தப்பா இறந்த மறு ஆண்டு சித்தியின் பெயர் மூன்றாம் முறையாகப் பட்டியலில் வந்தது. இம்முறை விழுப்புரம் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. இரவில் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “காலைல பாசஞ்சர் எத்தினி மணிக்குடா? பத்து மணிக்குள்ள ஆபீஸ் போயிடலாமா?” என்று கேட்டார். “எங்க போட்டாலும் சரி, இந்த வாட்டி மொதல்ல போய் சேந்துடுவேன்” என்றார். அந்தக் குரலில் இருந்த அவசரத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அந்த மாதமே பணிமூப்பு தொடர்பாக யாரோ நீதிமன்றம் போனார்கள். பட்டியலுக்குத் தடை விழுந்தது. தடை நீங்குவதற்குள் சித்திக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

வழியனுப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய விட்டுக்கொடுக்கும் குணத்தைப் புகழ்ந்தார்கள். அதிக நேரம் பேசியவர் தம்பி. ஓய்வு பெறுகிறவரை அலுவலக ஜீப்பில் வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். மாலையோடு முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்த சித்தி, தெருமுனையில் இறங்கியதும், “இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான்டா இதுல ஏர்றேன். சீட்டு ஒண்ணும் அவ்ளோ நல்லா இல்ல” என்றார்.

சித்தி இப்போது இல்லை. இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுக்க அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சித்தியின் மேசையில் கணினி இருந்தது. அதன் முன்னால் இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நகலை வாங்கிக்கொண்டு, “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்ங்க?” என்று கேட்டாள். சொன்னேன். எந்த ஊர் என்று நான் கேட்டதற்கு, “வளவனூருங்க. டெய்லி வந்துட்டுப் போறேன்” என்றாள். சித்தி ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு நிரந்தர ஆள் போடவில்லை. அவள் தொகுப்பூதியத்தில் இருக்கிறாள். அந்தப் பணிக்குப் பதவி உயர்வு கிடையாது.